பிடியரிசியின் கணக்கு



சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவர் கையில் ஓர் அட்டையோடு வந்தார். அவருடைய சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் கொடுத்த அட்டை அது. சபையின் வருங்கால ஊழியத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் மாதம் எவ்வளவு தரும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காணிக்கைப் பெட்டியில் போட வேண்டும். அவருடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இருநூறு ரூபாய் என்று எழுதியிருந்தார். மகனுக்குக் கோபம்.

"நம்மகிட்ட மட்டும் கேக்குறாங்க. கமிட்டியில நம்ம தெருக்காரங்க ஒருத்தர்கூடக் கிடையாது. எதுக்கும்மா கொடுக்கணும்?"

"கொடுத்தாத்தான்டா அது நம்ம சபை" என்றாராம் அம்மா.

யார் சொன்னது சரி என்று அவர் எங்களைக் கேட்டார். இரண்டுமே சரி என்றுதான் எங்களுக்குப் பட்டது. ஆனால் ஏன் சரி என்று சொல்வதற்கு இருநூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். கிறிஸ்தவர் அல்லாத தோழர்களும் படியுங்கள். இதில் இருப்பது மதச் செய்தி மட்டுமல்ல. ஏழைகளின் காசில் எழும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் கேள்வி இது.

அரிசிக் கிறிஸ்தவர் என்ற வசை

"அரிசிக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறினவங்க." இந்த வசையைக் கேட்காமல் வளர்ந்த தலித் கிறிஸ்தவப் பிள்ளைகள் குறைவு. பள்ளியில், விடுதியில், வேலை செய்யும் இடத்தில் எங்காவது ஒருநாள் யாராவது சொல்லிவிடுவார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதன் பொருள் என்ன? சேரி மக்களுக்கு வயிறு உண்டு, மனம் கிடையாது. அவர்கள் எதையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். யார் சோறு போட்டாலும் பின்னால் போவார்கள்.

வீதியில் போகிறவர் மட்டும் சொன்ன வசை அல்ல இது. 1936-இல் அமெரிக்க மிஷன் தலைவர் ஜான் மாட் காந்தியைச் சந்தித்தபோது, தீண்டப்படாத மக்களிடம் மதப் பிரச்சாரம் செய்வது பசுவுக்குப் பிரசங்கம் செய்வதைப் போன்றது என்னும் பொருளில் காந்தி பேசினார். மதங்களை ஒப்பிட்டு நல்லது எது என்று பார்க்கும் அறிவு அவர்களுக்கு இல்லை என்பது அவருடைய வாதம். அண்ணல் அம்பேத்கர் இயோலா மாநாட்டில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மதம் மாறும் உரிமையைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். அப்போதும் நம் மக்களின் மனம் கணக்கில் வரவில்லை.

பஞ்ச காலத்தில் மிஷன்கள் கஞ்சி ஊற்றியது உண்மை. நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரலாற்றை முழுதாகப் பாருங்கள். 1876-78 பெரும் பஞ்சத்தின்போது ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியைத் தோண்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். பஞ்சம் நடந்த காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதை அவர் நிறுத்தி வைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. பஞ்ச நிவாரணம் முடிந்த பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் மாதிகர்கள். அரிசி நின்ற பிறகு வந்தவர்கள் அவர்கள்.

வந்தவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. வாங்கினார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொடுத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

அழைத்தவர் யார்?

தென் திருவிதாங்கூரிலிருந்து தொடங்குவோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர். சிதம்பரம் யாத்திரை போனவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் தங்கினார். அங்கே கிறிஸ்தவச் சபையைக் கண்டார். கோலாஃப் என்ற மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். நந்தனார் போன அதே சிதம்பரம். நந்தனார் நெருப்பில் போனார். மகாராசன் வேறு பெயரோடு ஊர் திரும்பி, வீட்டாருக்கும் உறவினருக்கும் தான் கண்டதைச் சொன்னார்.

பிறகு தன் ஊருக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று கேட்டவரும் அவரே. லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தது அந்த அழைப்பின் பேரில்தான். 1809-இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1816-இல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டு ஊரை விட்டுப் போனபோது சபைகளை வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுப் போனார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து சேரும்வரை, சுமார் இரண்டு ஆண்டுகள், தென் திருவிதாங்கூர்ச் சபைகளை நடத்தியவர் ஒரு தலித். மீட் வந்த பிறகு மிஷனின் தலைமையிடம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது.

இந்த வரலாற்றை 'வெள்ளைக்காரர் வந்தார்' என்று தொடங்குவதா, 'சாம்பவர் ஒருவர் அழைத்தார்' என்று தொடங்குவதா? ஓங்கோலிலும் இதே கதைதான். யெர்ரகுன்ட்ல பெரய்யா என்ற மாதிகத் தோல் வியாபாரி கிளவைத் தேடிப் போய்த் தன் ஊருக்கு அழைத்தார். அங்கே பெரிய கூட்டம் திரண்டது அதன் பிறகுதான்.

லண்டனில் போட்ட கணக்கு

சபையார் தங்கள் சபைக்குத் தாங்களே செலவு செய்ய வேண்டும் என்ற அழைப்பு எங்கிருந்து வந்தது? 1841 முதல் 1872 வரை லண்டனில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ஹென்றி வென். அவர் மூன்று கொள்கைகளை வகுத்தார். சபை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தன்னைத் தானே ஆள வேண்டும். தானே பரவ வேண்டும். அமெரிக்காவில் ரூஃபஸ் ஆண்டர்சன் என்பவரும் ஏறத்தாழ இதையே சொன்னார்.

இதில் நல்ல நோக்கம் இருந்தது. சிக்கனக் கணக்கும் இருந்தது. பழைய சபைகள் தங்கள் போதகருக்குத் தாங்களே சம்பளம் கொடுத்தால், லண்டன் பணத்தைப் புதிய இடங்களுக்கு அனுப்பலாம். நடைமுறையில் நடந்தது என்னவென்றால், மூன்றில் முதல் கொள்கையைத்தான் எல்லோரும் வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். காணிக்கை கொடு என்பது உடனே வந்தது. ஆட்சி செய் என்பது மெதுவாக வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் வருவதற்கு 1912 டிசம்பர் 29 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வென் இறந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள்.

அந்தப் பேராயர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1903, பாளையங்கோட்டை

அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், நாடார் சமூகத்தில், ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். ஒய்.எம்.சி.ஏ.-வில் செயலாளராக வேலை செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது அவரை உலுக்கிய காட்சி ஒன்று உண்டு. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், தங்கள் சொந்தக் காசில், கடல் தாண்டி இந்தியக் கரைக்கு ஊழியர்களை அனுப்பிப் பராமரித்துக்கொண்டிருந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சபை இருக்கும் திருநெல்வேலி இதைச் செய்யவில்லையே என்று அவருக்கு உறுத்தியது.

ஊர் திரும்பி நண்பர்களைக் கூட்டினார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று வெள்ளையர் ஆட்சி நடந்த காலத்தில் ஒரு சபை அமைப்பு முடிவெடுத்தது சாதாரணம் அல்ல. காங்கிரசின் சுதேசி இயக்கத்துக்கு இரண்டு ஆண்டுகள் முந்திய முடிவு இது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானபோதும் அசரியா அதன் செயலாளர்களில் ஒருவராக முன்னால் நின்றார்.

அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் யார்? திருநெல்வேலிச் சபையில் பெரும்பான்மை நாடார் மக்கள். பள்ளர், பறையர் மக்களும் உண்டு. நாடார் மக்களில் பலர் அன்று பனையேறிகள். தோளில் சீலை போடும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரில் 1859 வரை போராட வேண்டியிருந்தவர்கள் அந்தச் சமூகத்துப் பெண்கள். கோயிலுக்குள் போகக் கேட்டார்கள் என்பதற்காக 1899-இல் சிவகாசியில் நாடார்களின் வீடுகள் தாக்கப்பட்டு நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்படிப்பட்ட மக்கள், இன்னொரு மொழி பேசும், தங்களைவிடவும் கீழே மிதிக்கப்பட்ட மக்களுக்காகத் தங்கள் காசைக் கொடுத்தார்கள். இதை நாம் மதிக்கிறோம். இதே சபைகளில் பள்ளருக்கும் பறையருக்கும் நாளை என்ன இடம் கிடைக்கப் போகிறது என்ற கேள்வியையும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறோம்.

தோர்ணக்கல்லில் ஒரு பிடி

சங்கம் தேர்ந்த களம் நிஜாம் ஆட்சியில் இருந்த ஹைதராபாத் சமஸ்தானத்தின் தோர்ணக்கல். இன்று தெலங்கானாவில் இருக்கிறது. 1909-இல் அசரியா தானே அங்கே குடிபோனார். தெலுங்கு கற்றார். மூன்று ஆண்டுகளில் அங்கேயே பேராயர் ஆனார்.

அந்தப் பகுதியில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலர்களும் மாதிகர்களும். நிஜாம் சீமையில் 'வெட்டி சாகிரி' என்ற கொடுமை இருந்தது. தேஷ்முக்கும் பட்டேலும் கூப்பிட்டால் கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும். நம் ஊர் வெட்டி வேலையைவிடக் கொடூரமானது. சொந்த உழைப்பின்மேல்கூட உரிமை இல்லாத மக்கள். இவர்களிடம் போய்ச் சபைக்குக் காணிக்கை கொடு என்று கேட்பது நியாயமா?

அசரியா கேட்டார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதும் அளவுக்கு அதில் உறுதியாக இருந்தார். ஞானஸ்நானம் பெறும் நாளிலிருந்தே கொடுக்கப் பழக வேண்டும், தானும் பிறருக்குச் சொல்லும் ஊழியன் என்று உணர வேண்டும் என்பது அவர் கொள்கை. வெளியிலிருந்து வாங்கி மட்டுமே வாழும் சபை எப்போதும் குழந்தையாகவே இருக்கும் என்று அவர் நினைத்தார்.

கொடுப்பதற்குக் காசு இல்லை. ஆகவே தானியம் கொடுத்தார்கள். கோழி, முட்டை, காய்கறி கொடுத்தார்கள். கட்டட வேலைக்கு உடலுழைப்புக் கொடுத்தார்கள். பெண்கள் சமைக்கும்போது உலையில் போட அளந்த தானியத்திலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். நம் தென்மாவட்டச் சபைகளிலும் இந்தக் கைப்பிடி அரிசி வழக்கம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் ஏலத்துக்கு வருவதை இன்றைய பிள்ளைகளும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பிடி என்பது சுமார் ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு வேளை என்றால் நூறு கிராம். மாதம் மூன்று கிலோ. ஐம்பது வீடுகள் உள்ள ஒரு சேரியில் மாதம் நூற்றைம்பது கிலோ. ஒரு கிராமத்து உபதேசியார் குடும்பத்துக்குப் போதும். இப்படித்தான் எந்தப் பணக்காரர் தயவும் இல்லாமல் ஓர் ஆளைத் தாங்க முடியும். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்று சிரிப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இங்கே அரிசி மிஷன் பங்களாவிலிருந்து சேரிக்கு வரவில்லை. சேரியிலிருந்து சபைக்குப் போனது. அரைப்பட்டினி கிடந்த அடுப்புகளிலிருந்து போனது.

கொடுத்தது அந்த மக்களை எப்படி மாற்றியது? ஊர்ப் பெரியவர் வீட்டுக் கொல்லையில் நின்று மீந்த சோறு வாங்கிய கை, முதன்முறையாக இன்னொருவருக்குக் கொடுக்கும் கையானது. சாதி அமைப்பில் தலித்துக்குக் கொடுக்கும் இடம் கிடையாது. அவன் கொடுத்தால் தீட்டு. அவன் தொட்ட தண்ணீர் ஆகாது, அவன் தந்த அரிசி ஆகாது. அந்த அரிசியைப் பீடத்தின்முன் வைக்கலாம் என்று ஒரு சபை சொன்னபோது அது காசு வசூல் என்பதையும் தாண்டிப் போய்விட்டது. "கொடுத்தாத்தான்டா அது நம்ம சபை" என்று அந்த அம்மா சொன்னதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

தோர்ணக்கல்லில் சேரிப் பிள்ளைகளே ஆசிரியர்களானார்கள், போதகர்களானார்கள். மனைவி மக்களோடு வந்து தங்கிப் படித்து, நிலத்திலும் வேலை செய்து, பயிற்சி பெற்று ஊர் திரும்பினார்கள். இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலைகளின் சாயலோடு எழுந்த பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அசரியா 1945 புத்தாண்டு நாளில் இறந்தபோது திருமண்டலத்தின் மக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

இதைப் பொற்காலமாக்கிக் காட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பிடியரிசி மட்டுமே அவ்வளவு பெரிய திருமண்டலத்தைத் தாங்கிவிடவில்லை. திருமண்டலம் விரிந்தபோது இங்கிலாந்துச் சங்கங்களின் பணமும் தொடர்ந்து வந்தது. மாலருக்கும் மாதிகருக்கும் நடுவே இருந்த சுவரும் சபைக்குள் வந்ததால் விழுந்துவிடவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நடக்கவில்லை.

கொடுக்கும் கை, கையெழுத்துப் போடும் கை

இப்போது மகனின் கேள்விக்கு வருவோம். கொடுத்தால் நம்முடையது ஆகிவிடுமா?

பணத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை அசரியாவே நன்றாக அறிந்திருந்தார். 1910 ஜூனில் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், உலகத் தலைவர்கள் முன்னிலையில் அவர் பேசினார். மிஷனரி சம்பளம் கொடுக்கிறவர், இந்திய ஊழியர் சம்பளம் வாங்குகிறவர் என்ற உறவு நீடிக்கும்வரை இருவருக்கும் நடுவே நட்பு முளைக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார். நன்கொடையும் தியாகமும் போதாது, நண்பர்களாக வாருங்கள் என்று கேட்டார். மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. பணப்பையைப் பிடித்திருப்பவரே முடிவெடுக்கிறார் என்பதை ஒரு முப்பத்தைந்து வயதுத் தமிழர் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வெள்ளையரை நோக்கி அவர் சொன்னதை நாம் நம்மை நோக்கியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பணப்பை போனது. உள்ளூர்ப் பணப்பை வந்தது. அதைப் பிடித்திருப்பது யார்?

மிசோரத்தைப் பாருங்கள். அங்கே பிரஸ்பிட்டீரியன் சபைப் பெண்கள் 1910 வாக்கில் தொடங்கிய கைப்பிடி அரிசித் திட்டத்துக்கு 'புஹ்ஃபாய் தாம்' என்று பெயர். ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி. அந்த அரிசி இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாகிச் சபையின் ஊழியங்களைத் தாங்குகிறது. உலகமே வியந்து எழுதும் திட்டம். ஆனால் அந்த அரிசியைப் போட்ட பெண்களுக்குப் போதகர் அபிஷேகம் கொடுக்க அதே சபை நீண்ட காலம் மறுத்து வந்தது. பானை பெண்கள் கையில். முடிவு ஆண்கள் கையில்.

நம் பக்கம் சாதி அந்த வேலையைச் செய்கிறது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். பறையரோடு ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க முடியாது என்பதே அவர்கள் வழக்கு. கத்தோலிக்கத்திலும் இதே கதை. வடக்கன்குளத்தில் வேளாளரும் நாடாரும் தனித்தனியே உட்காரும்படி 1870-களில் ஆலயத்தையே தடுப்போடு கட்டினார்கள். 1910-இல் பாதிரியார் கௌசானல் தடுப்பை இடித்தார். வேளாளர் நீதிமன்றம் போனார்கள். தடுப்பைத் திரும்பக் கட்ட நீதிமன்றம் ஒப்பவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் தலித்தைப் பிரித்து வைக்கும் சுவரைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'கொடுத்தவனுக்கு உரிமை' என்று மட்டும் நாம் வாதாடினால் அது நமக்கே திரும்பும். அதிகம் கொடுத்தவனுக்கு அதிக உரிமை என்று பண்ணையார் உடனே சொல்வார். கோயில் முதல் மரியாதை இப்படித்தான் வந்தது. ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டு அதன் இறக்கையில் தன் பெயரை எழுதுகிறவர், கமிட்டித் தலைவர் பதவியையும் கேட்கிறார். பல திருமண்டலங்களில் சங்கக் காணிக்கை கட்டினால்தான் வாக்காளர் பட்டியலில் பெயர் வரும். கேட்கச் சரியாகத் தெரியும். ஆனால் வேலை இல்லாத மாதத்தில் சங்கம் கட்ட முடியாமல் போவது யார் வீட்டில்? பெயர் விட்டுப்போவது எந்தத் தெருவில்?

பிடியரிசியின் நியாயம் வேறு. அங்கே எல்லோருக்கும் அளவு ஒன்று. அவரவர் கையே அளவு. பணக்காரர் வீட்டிலும் ஒரு பிடிதான், பட்டினிக்காரர் வீட்டிலும் ஒரு பிடிதான். யாருடைய அரிசி எது என்று மூட்டையில் பிரிக்க முடியாது. பெரிய நன்கொடைக்காரர்களைவிட இரண்டு காசு போட்ட விதவை அதிகம் போட்டாள் என்று சொன்னவரின் பெயரில் நடக்கும் சபைக்கு இந்தக் கணக்கு புரியாமல் போக நியாயம் இல்லை.

கணக்குக் கேட்பது

இன்னொரு விலையையும் தலித் கிறிஸ்தவர்கள் கொடுக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்ற நிலையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தை இதில் பார்க்க வேண்டாம் என்று பரிந்துரைத்தும் நடக்கவில்லை. ஆக, ஊரில் அவர்கள் பறையர், பள்ளர், சக்கிலியர். அரசு அலுவலகத்தில் அவர்கள் கிறிஸ்தவர். இட ஒதுக்கீட்டை இழந்து அந்தச் சபையில் இருக்கிறார்கள் என்றால், அந்தச் சபைக்கு அவர்கள் கட்டும் மிகப் பெரிய காணிக்கை அதுதான். எந்த அட்டையிலும் அதை எழுத இடம் இல்லை.

சிறுபான்மையினர் உரிமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்கீழ்ச் சபைகள் பள்ளியும் கல்லூரியும் நடத்துகின்றன. அந்தச் சிறுபான்மை என்ற எண்ணிக்கையில் நம் மக்களும் எண்ணப்படுகிறார்கள். அப்படியானால் அந்தக் கல்லூரியில் பேராசிரியர் வேலை நம் தெருவுக்கு எத்தனை வந்தது? எத்தனை பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது? இதைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

ஆகவே அந்த மாணவரிடம் நாங்கள் சொன்னது இதுதான். அட்டையைக் கிழிக்காதே. அது உன் அம்மாவின் கையெழுத்து. உன் கொள்ளுப்பாட்டி பானையில் போட்ட பிடியரிசியின் தொடர்ச்சி. அதைக் கிழித்தால், இந்தச் சபை அவர்களுடையது, நாம் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று நீயே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனால் அட்டையைக் கொடுக்கும்போது கேள்வியையும் சேர்த்துக் கொடு. தனியாகப் போகாதே, தெருவில் இன்னும் பத்து வீட்டாரோடு போ. சேகர வரவு செலவுக் கணக்கைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். வருங்கால ஊழியம் என்றால் என்ன, எந்த ஊரில், யாருக்கு, யார் முடிவெடுத்தது என்று கேளுங்கள். நிதிக் கமிட்டியில் நம் தெருவிலிருந்து, அதுவும் ஒரு பெண், வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சபை நிலம் எவ்வளவு இருந்தது, எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். சங்கம் கட்ட முடியாத ஏழையின் ஓட்டுக்கு என்ன வழி என்று கேளுங்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா என்று கேளுங்கள். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் அடுத்த சபைக் கூட்டத்தில் திரும்பக் கேளுங்கள். கேட்பதை எழுத்தில் கேட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் இதே அளவுகோல்

கடைசியாக, நம் பக்கமும் பார்ப்போம். நம் இயக்கமும் சில்லறைக் காசில் எழுந்ததுதான். பாளையங்கோட்டையில் சங்கம் தொடங்கி நான்கு ஆண்டுகள் கழித்து, 1907-இல், பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் ஒரு வார இதழ் தொடங்கினார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர். ஏழை வாசகனின் ஒரு பைசா அந்த இதழின் முகப்பில் இருந்தது. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கி உழைத்த நம் தொழிலாளர்கள் அந்த இதழுக்கும் பௌத்த சங்கத்துக்கும் தோள் கொடுத்தார்கள். அவர்கள் சேர்ந்த இடம் வேறு, நம்பிக்கை வேறு. ஆனால் தோர்ணக்கல்லில் பிடி தானியம் போட்ட மாதிகப் பெண்ணும் தங்கவயலில் பைசா போட்ட பறையர் தொழிலாளியும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். நமக்கென்று ஒன்று வேண்டும், அதை நம் காசில் செய்வோம் என்றார்கள்.

இன்று நாமும் உண்டியல் ஏந்துகிறோம். மாநாட்டு நிதி, நினைவு நாள் நிதி, வழக்கு நிதி என்று சேரியில் வீடு வீடாகப் போகிறோம். கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கை அதே தெருவில் திரும்பப் போய்ச் சொன்னோமா? பொருளாளர் பொறுப்பில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? அருந்ததியர் தோழர்கள் எத்தனை பேர்? சபையைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை நம்மைப் பார்த்தும் கேட்கத் தயாராக இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு வலு இருக்கும்.

அந்த மாணவர் போன வாரம் மறுபடி வந்திருந்தார். அட்டை இன்னும் கொடுக்கவில்லையாம். அம்மாவும் அவரும் சேர்ந்து அதன் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். அம்மா ஒரு கேள்வியைத் தானாகச் சேர்த்திருக்கிறார். "போன முறை வாங்கின பணத்துக்கு என்ன செஞ்சீங்க?"

அதைவிட நல்ல கேள்வி எங்களிடம் இல்லை.

ஜெய்பீம்.